ராத்திரி ஸ்டேட்டஸில் தற்கொலை எண்ணம் தெரிகிற ஒரு வரி வந்தால்: கடலூர், புதுச்சேரி அனுபவப் பகிர்வு

பள்ளி ஆலோசகர், கடலூர்:
"இனி யாரையும் தொந்தரவு பண்ண மாட்டேன்" என்று ஒரு பிள்ளை ஸ்டோரி போட்டால், கூடப் படிக்கிறவர்கள் முதலில் இன்ஸ்டாகிராமுக்கு ரிப்போர்ட் அடிக்கிறார்கள். வரிசை அங்கேயே தப்புகிறது. முதலில் போன். எடுக்கவில்லையா, அதே தெருவில் இருக்கிற யாரையாவது வீட்டுக்கு அனுப்புங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றாலும் பதிலே சொல்லாவிட்டாலும் பிள்ளையைத் தனியாக விடக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்தபடியே 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசுவார்கள். ஏற்கெனவே காயம் பட்டிருந்தால் 108.

இதெல்லாம் ஆன பிறகுதான் ரிப்போர்ட். அதை எங்கோ இருக்கிற ஒருவர் எப்போதோ பார்ப்பார். பெரும்பாலும் பிள்ளையின் திரையில் உதவி எண் காட்டும் ஒரு செய்தி வரும், அவ்வளவுதான். யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள் என்று நம்பி உட்காராதீர்கள்.

கணினி ஆசிரியை, பாகூர்:
ரிப்போர்ட்டில் "பிடிக்கவில்லை", "ஸ்பேம்" என்று அழுத்தினால் அது வேறு வரிசைக்குப் போய்விடும். மூன்று புள்ளி, ரிப்போர்ட், பிறகு தற்கொலை, சுயகாயம் பற்றிய பிரிவு. யார் ரிப்போர்ட் செய்தார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, பயம் வேண்டாம். கணக்கின் பெயரை மாற்றிவிடுவார்கள், அதனால் பதிவின் லிங்கையும் எடுத்து வையுங்கள். ஸ்க்ரீன்ஷாட்டை வகுப்பு வாட்ஸப் குழுவில் மட்டும் போடவே போடாதீர்கள்.

நான் அதிகம் பார்க்கிற கோளாறு பிறந்த வருஷம். அண்ணனோ மொபைல் கடைக்காரரோ கணக்கு திறக்கும்போது 18 தாண்டிய மாதிரி போட்டுவிடுகிறார்கள். இன்ஸ்டாகிராமின் டீன் கணக்குப் பாதுகாப்பு அந்தக் கணக்குக்கு வராது. சுயகாயம் பற்றிய பதிவுகளை மறைப்பதும் நடக்காது. முதலில் அதைத் திருத்துங்கள். பிறகு செட்டிங்ஸில் பரிந்துரைகளை ரீசெட் செய்யுங்கள். ரீசெட் மட்டும் போதாது: சோகப் பக்கங்களைப் பின்தொடர்ந்துகொண்டே இருந்தால் சில நாளில் அதே ரீல்கள் திரும்பி வரும். யூடியூபில் பார்த்த வரலாற்றை அழித்து, ஆட்டோபிளேயை நிறுத்துங்கள்.

மனநலச் செவிலியர், புதுச்சேரி:
போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டுவதுதான் பெற்றோர் முதலில் செய்வது. ராத்திரி இரண்டு மணிக்கு அந்தப் பிள்ளை பேசுகிற ஒரே தோழியும் அந்தப் போனில்தான் இருக்கிறாள். பிடுங்கினால் அடுத்த முறை அந்த வரி யார் கண்ணிலும் படாது. ராத்திரி போன் கூடத்தில் சார்ஜ் ஏறட்டும், ஆனால் அதைப் பிள்ளையிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

தற்கொலைக்கு முயன்ற பிள்ளையை, போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மறைத்து, நேரம் கடந்து கொண்டுவருகிறார்கள். மனசு பதறும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 115-ஆம் பிரிவைப் படியுங்கள்: வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது; சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. ஜிப்மரோ கடலூர் அரசு மருத்துவமனையோ, எது பக்கமோ அங்கே நேராக வாருங்கள்.

அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டுகிறார்களா? பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் திரும்பவும் கேட்பார்கள். உரையாடலை அழிக்கவும் வேண்டாம், அதுதான் சாட்சி. சைபர் குற்ற உதவி எண் 1930-இல் புகார் சொல்லுங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால், படம் இணையத்தில் பரவாமல் தடுக்க உதவும் "டேக் இட் டவுன்" சேவை உண்டு. படம் போனை விட்டு வெளியே போகாது, அதன் டிஜிட்டல் கைரேகை மட்டும் போகும்.

பள்ளி ஆலோசகர், கடலூர்:
ஒன்று விட்டுப்போச்சு. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன, கடலூரில் மாநிலப் பாடத்திட்டம். தேர்வு முடிவு வேறு வேறு நாளில் வருகிறது, எல்லையோர ஊர்களில் இரண்டு நாளும் விழித்திருக்க வேண்டும்.

ஒரு பிள்ளை இறந்துபோனால் கண்ணீர் அஞ்சலி ஸ்டேட்டஸ் வரிசையாக வரும். பாட்டுப் போட்ட ரீல், எப்படி நடந்தது என்ற விவரம், கடைசி மெசேஜ் எல்லாம் வேண்டாம். அதே நிலையில் இருக்கிற இன்னொரு பிள்ளைக்கு அது வழி காட்டிவிடும். பெயரும் இரங்கலும் போதும், கீழே 14416. குழு அட்மின் அன்றைக்கு "அட்மின் மட்டும் அனுப்பலாம்" என்று மாற்றிவிட்டு, நெருங்கிய நண்பர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும்.