சின்ன வயசுல என்னவாகணும்னு ஆசைப்பட்டீங்க, இப்ப என்ன வேலை பாக்கறீங்க?

போத்தனூர்_ரயிலடி

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரெண்டு நாளா மனசுல ஓடிக்கிட்டே இருக்குது, அதான் இங்க கேக்கலாம்னு.

என் பையன் ஒண்ணாவது படிக்கறான். ஸ்கூல்ல பெரியவனானா என்ன ஆவேன்னு படம் வரைஞ்சுட்டு வரச் சொன்னாங்க. இவன் மஞ்சக் கலர்ல ஒரு ஜேசிபி வரைஞ்சு, உள்ள தன்னைய உக்கார வெச்சு, பக்கத்துல அவங்கம்மா நிக்கற மாதிரி போட்டிருந்தான். அதைப் பாத்துட்டு எங்கப்பா, இவனைப் படிக்க வெக்கறது மண்ணு அள்றதுக்கான்னு சத்தம் போட்டுட்டாரு. பையன் அந்தப் பேப்பரைச் சுருட்டி கட்டிலுக்கு அடியில போட்டுட்டான். அடுத்த நாள் டாக்டர் கோட்டு போட்ட படம் ஒண்ணு வரைஞ்சு எடுத்துட்டுப் போனான், அதுல மூஞ்சியே போடலை.

நான் வளந்தது போத்தனூர் ரயில்வே லைன் ஓரம். ட்ரைன் டிரைவர் ஆகணுங்கறதைத் தவிர வேற ஒரு நெனப்பு எனக்கு இருந்ததில்லை. ஹாரன் சத்தத்தை வெச்சே கூட்ஸா எக்ஸ்பிரஸான்னு சொல்லிருவேன். அதுக்குன்னே ஐடிஐ ஃபிட்டர் படிச்சேன், அசிஸ்டென்ட் லோகோ பைலட் பரீட்சை எழுதினேன், பாஸும் பண்ணினேன். கடைசியில மெடிக்கல். புள்ளி புள்ளியா இருக்கற ஒரு புஸ்தகத்தைக் காட்டி நம்பர் படிக்கச் சொன்னாங்க. மொத பக்கம் 12, டக்குனு சொல்லிட்டேன். ரெண்டாவது பக்கத்துல 3ன்னு சொன்னேன். டாக்டர் திருப்பிக் கேட்டாரு, நல்லாப் பாத்து மறுபடியும் 3ன்னேன். அது 8ங்க. அதுக்கப்புறம் வந்த பக்கத்துல எல்லாம் எனக்கு வெறும் புள்ளிதான் தெரிஞ்சுது. சிகப்பும் பச்சையும் எனக்குப் பிரிச்சுத் தெரியாதுங்கறது 22 வயசுலதான் எனக்கே தெரிஞ்சுது. அம்மா வழியில வர்ற குறைன்னு சொன்னாங்க, எங்க மாமாவுக்கும் இருந்திருக்குது, அவரு விவசாயம் பாத்ததால யாருக்கும் தெரியவே இல்ல.

இப்ப கோயமுத்தூர்ல ஒரு பம்பு கம்பெனியில டெஸ்டிங்ல இருக்கறேன், 14 வருஷம் ஆச்சு. அசெம்பிளி முடிஞ்சு வர்ற சப்மெர்சிபிளை தொட்டியில எறக்கி ஓட்டி, ஹெட்டு (தண்ணியை ஏத்தற உயரம்) எவ்வளவு, டிஸ்சார்ஜ் (வெளிய தள்ற தண்ணி) எவ்வளவு, கரண்டு எத்தனை ஆம்ப்ஸ் இழுக்குதுன்னு குறிச்சு, சரியா இருந்தாத்தான் வெளிய அனுப்புவோம். வேலை புடிச்சிருக்குது. வயர் கலர்ல எனக்கு சந்தேகம் வருங்கறதால, அசெம்பிளிப் பசங்க ஒவ்வொரு வயர்லயும் ரெட்டுக்கு ஆர், எல்லோவுக்கு ஒய், புளூவுக்கு பி-ன்னு டேக் எழுதிக் கட்டித்தான் எங்கிட்ட அனுப்புவாங்க, நான் கேக்காமயே ஆரமிச்ச பழக்கம் அது.

ஆனாலும் ராத்திரி கூட்ஸ் ஹாரன் கேட்டா இன்னமும் முழிப்பு வந்துரும்.

உங்க ஆசை என்னவா இருந்துது, அது இப்ப எங்க இருக்குது? பையங்கிட்ட நான் என்ன சொல்லட்டும்?

மணப்பாடு_மகள்

அண்ணா, அந்தப் பேப்பரை முதல்ல கட்டிலுக்கு அடியில இருந்து எடுத்து வைங்க.

எனக்கு லைட் ஹவுஸ்ல வேலை பாக்கணும்னு ஆசை. எங்க ஊர் மணப்பாடு, கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்க மணல்குன்று, மேல திருச்சிலுவை கோயில், பக்கத்துல லைட் ஹவுஸ். அப்பா ராத்திரி கடலுக்குப் போனா அம்மா தூங்க மாட்டாங்க, நானும் பாயில கெடந்துக்கிட்டு சுவத்துல அந்த வெளிச்சம் வந்து வந்து போறதை எண்ணுவேன். ஒவ்வொரு ஊர் லைட்டும் ஒரு கணக்குல விட்டு விட்டு எரியும், அந்தக் கணக்கை வச்சே இது எந்த ஊருன்னு கடல்ல இருக்கவங்க கண்டுபிடிச்சிருவாங்கன்னு அப்பா சொன்ன அன்னைக்கு முடிவு பண்ணேன், ராத்திரி முழுக்க முழிச்சிருந்து அதை அணைய விடாம பாத்துக்கிடுத ஆளு நான்தான்னு.

பிளஸ் டூ முடிச்சதும் நர்சிங்ல சீட் கெடச்சுது, வீட்டுல கடன், சீக்கிரம் சம்பளம் வரணும், அவ்வளவுதான். இப்ப பச்சப்புள்ளைங்க ஐசியுல இருக்கேன், 11 வருஷமா பெரும்பாலும் நைட் டூட்டி. 900 கிராம் எடையில பொறந்த புள்ளைங்க எல்லாம் வரும். குறை மாசத்துல பொறந்ததுங்க மூச்சு விடுததையே சில நேரம் மறந்துருங்க, மானிட்டர்ல சாச்சுரேஷன், அதாவது ரத்தத்துல ஆக்சிஜன் அளவு, எறங்கும், அலாரம் அடிக்கும். ஓடிப்போய் உள்ளங்கால்ல விரலால லேசா சுண்டுவோம். நெறைய தடவை அது போதும். ஒரு சிணுங்கல், நெஞ்சு ஏறி எறங்கும், நம்பர் மேல வரும். விடியுறதுக்குள்ள ஒரே புள்ளைக்கு ஏழெட்டு தடவை கூட செஞ்சிருக்கேன். மஞ்சக்காமாலை புள்ளைங்கள நீல லைட்டுக்கு அடியில கண்ணைக் கட்டிப் போட்டிருப்போம், மூணு மணிக்கு வார்டே நீலமா கெடக்கும், வெளிய வராண்டாவுல அம்மாமாரு யாரும் தூங்கியிருக்க மாட்டாங்க. எங்கம்மா நெனப்புதான் வரும்.

அப்பா இப்ப கடலுக்குப் போறதில்ல. ஊருக்குப் போனா இன்னமும் நான் அந்த வெளிச்சத்தை எண்ணிக்கிட்டுதான் தூங்குதேன்.

மூன்றாம்_வகுப்பு_டீச்சர்

அரசுப் பள்ளியில 19 வருஷமா இருக்கேன். இந்தக் கேள்வியை வகுப்புல எல்லார் முன்னாடியும் கேட்டா டாக்டர், கலெக்டர், போலீஸ் மூணுதான் வரும். மொதப் புள்ள என்ன சொல்லுதோ அதையே பாதி வகுப்பு சொல்லும். அதே புள்ளைங்க சாப்பாட்டு நேரத்துல பக்கத்துல உக்காந்து பேசும்போது பேன்ட் செட்டுல டிரம்ஸ் அடிக்கணும், பரோட்டா வீசணும், யானைப் பாகன் ஆகணும்னு கண்ணு விரியச் சொல்லுங்க. உங்க பையன் உண்மையைச் சொல்லியிருக்கான் சார். அந்த டீச்சர்கிட்ட பேசி மொதப் படத்தையே கொடுத்துட்டு வாங்க, தயவு செஞ்சு.

சார்பதிவகம்_எதிரில்

தம்பி, நான் 1962ல பொறந்தவன், ராமநாதபுரம் பக்கம். எங்க பக்கமெல்லாம் இலங்கை வானொலி நம்மூர் ஸ்டேஷனை விடத் தெளிவா கேக்கும். காலையில பொங்கும் பூம்புனல்ல ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும் டீக்கடையில அதுதான். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீது இவங்க குரலைக் கேட்டுத்தான் ளகரமும் ழகரமும் எனக்குப் பிடிபட்டுச்சு. கிணத்துக்குள்ள குனிஞ்சு நின்னு அவங்களை மாதிரியே அறிவிப்பு செஞ்சு பாப்பேன், குரல் திரும்பி வரும்போது மைக்குல பேசுற மாதிரியே இருக்கும். அறிவிப்பாளர் ஆகணும், கொழும்புக்குப் போகணும், அது ஒண்ணுதான் ஆசை. பத்தாவது முடிச்சு, அப்பா தவறிப் போய், மாமா ஒருத்தர்கிட்ட பத்திரம் எழுதப் போனேன். பிற்பாடு லைசென்ஸ் வாங்கி நானே எழுத ஆரம்பிச்சு இன்னைக்கு 40 வருஷத்துக்கு மேல ஆயிப்போச்சு.

இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்ல டைப் அடிச்சு ஆன்லைன்ல ஏத்துறோம், ஆனா ஒரு பழக்கத்தை மட்டும் நான் விடலை. கையெழுத்து வைக்கிறதுக்கு முன்னாடி பத்திரத்தை மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் வாய்விட்டு வாசிச்சுக் காட்டுவேன். நாலு எல்லை, விஸ்தீரணம், அதுல உள்ள கிணறு, மரம், பாதை பாத்தியம் எதையும் முழுங்காம வாசிப்பேன். நேரமாகுது, கையெழுத்தை வாங்குங்கன்னு பார்ட்டி அவசரப்படுத்தும், நான் கேக்கறதில்லை.

சில வருஷம் முந்தி ஒரு ஆத்தா, எழுவது வயசுக்கு மேல இருக்கும், மகனுக்கு வீட்டை செட்டில்மென்ட் எழுதிக் குடுக்க வந்துச்சு. மகன் சொன்ன விவரப்படி எழுதியாச்சு. நான் வாசிக்க வாசிக்க அது முந்தானையை வாயில வச்சுக்கிட்டு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. இன்று முதல் நீயே சர்வ சுதந்திரமாய் ஆண்டனுபவித்துக் கொள்ள வேண்டியதுங்கிற எடம் வந்ததும், அப்ப நான் எங்கய்யா இருப்பேன்னு கேட்டுச்சு. மகனைக் கேக்கலை, என்னையக் கேட்டுச்சு. ரூமே அமைதியாயிருச்சு. மகன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான், அவனும் கெட்டவன் இல்லை, தோணலை அவ்வளவுதான். பத்திரத்தை மாத்தி, அதோட ஜீவிய காலம் வரைக்கும் அந்த வீட்டிலேயே குடியிருந்து அனுபவிச்சுக்கிற உரிமை உண்டுன்னு சேர்த்து, மறுபடியும் மொதல்ல இருந்து வாசிச்சேன். இந்தத் தடவை அந்த எடம் வந்ததும், இன்னொரு வாட்டி படிய்யான்னுச்சு. படிச்சேன். அதுக்கப்புறம்தான் விரல் ரேகை வச்சுச்சு.

எனக்கு நேயர்கள் கோடிக்கணக்குல இல்லை. ஒரு தடவைக்கு நாலஞ்சு பேர்தான், ஆனா ஒரு சொல்லு விடாம கேக்கறாங்க.

வானம்_பார்த்தவன்

கலாம் ஐயா விமானப்படை பைலட் ஆகணும்னு டேராடூன் போனவர்தானே. 25 பேர்ல 9வதா வந்தார், எடுத்தது 8 பேரை. அப்புறம் ராக்கெட், ஏவுகணைன்னு அவர் வாழ்க்கை வேற பக்கம் போச்சு. ஆனா 2006ல ஜனாதிபதியா இருக்கும்போது, 74 வயசுல, புனேல சுகோய் போர் விமானத்துல ஏறிப் பறந்தார் பாருங்க, அந்த போட்டோவுல அவர் முகத்தைப் பாக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ரன்னிங்_ரூம்

போத்தனூர் அண்ணே, நான் லோகோ பைலட்தான். சேலம் ஈரோடு பக்கம் ஓட்டிக்கிட்டு இருக்கேன். உங்க பதிவைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன், ஏன்னா நான் ஆசைப்பட்டது டிராயிங் மாஸ்டர் வேலைக்கு. எங்க ஸ்கூல் டிராயிங் சார் மாதிரி கலர் சாக்பீஸ்ல போர்டு முழுக்க மயில் வரையணும். வீட்டுல அதுக்கு சோறு போடுமான்னு கேட்டாங்க, டிப்ளமோ படிச்சேன், நண்பன் அப்ளிகேஷன் போட்டான்னு நானும் போட்டேன், கெடச்சிருச்சு. நீங்க உயிரா நெனச்ச எடத்துல நான் நெனைக்காமயே வந்து உக்காந்திருக்கேன்.

வேலையைப் பத்தி உள்ளதைச் சொல்றேன். வீட்டு நேரம்னு ஒண்ணு கிடையாது, டூட்டிக்குக் கூப்பிட்டா நடுராத்திரி ரெண்டு மணின்னாலும் கெளம்பணும். வழியில ஒவ்வொரு சிக்னலையும் நானும் அசிஸ்டென்ட்டும் வாய்விட்டு சொல்லிக்கணும், அவர் டபுள் எல்லோன்னு சொன்னா நானும் பாத்து டபுள் எல்லோன்னு சொல்லணும். ஒரு நிமிஷம் எந்த லீவரையும் பட்டனையும் தொடாம இருந்தா விஜிலன்ஸ் கருவி லைட்டு போடும், அப்புறம் சத்தம் போடும், அப்பவும் தொடலைன்னா வண்டி தானா பிரேக் புடிச்சிரும். 110 ஸ்பீடுல வர்ற வண்டி நிக்க கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் வேணும், அதனால கலர்ல ஒரு செகண்ட் சந்தேகம் கூட அங்க ஆகாது. உங்களை வேண்டாம்னு சொன்ன அந்த மெடிக்கல் பின்னாடி வர்ற ஆயிரம் பேருக்காகத்தான், அதுல உங்க தப்பு ஒரு துளி இல்லைண்ணே.

அப்புறம், விடியக்காலம் ஜோலார்பேட்டை தாண்டி ஏலகிரி மலைப்பக்கம் வரும்போது வானம் ஒரு கலர்ல இருக்கும், அதுக்குப் பேரே தெரியாது எனக்கு. ரன்னிங் ரூமுக்கு, அதான் நாங்க ஓய்வெடுக்கற எடத்துக்கு, போனதும் தூங்கறதுக்கு முன்னாடி சின்ன நோட்டுல வரைஞ்சு வெச்சிருவேன். 7 நோட்டு ஆச்சு. போத்தனூர் வழியா வர்றப்ப ஹாரன் அடிச்சா நீங்க முழிச்சிருப்பீங்கன்னு இனிமே நெனச்சுக்குவேன்.

தர்மபுரி_3டிஎக்ஸ்

சார் நான் ஜேசிபி ஆபரேட்டர். அதான் எழுதறேன், இங்க எழுதறது இதான் மொத தடவ.

போலீஸ் ஆவணும்னு ஓடி ஓடிப் பழகுனேன், 170 செமீ கேட்டாங்க நான் 168. ஒரு வருசம் கம்பியில தொங்கிப் பாத்தேன் வளரல. அப்புறம் மாமா வண்டியில ஹெல்ப்பரா ஏறுனேன், கிரீஸ் அடிக்கறது, டீசல் ஊத்தறது, வண்டி கழுவறது. ரெண்டு வருசம் கழிச்சுதான் லீவர கையில குடுத்தாரு.

உங்கப்பா மண்ணு அள்றதுன்னு சொன்னது எனக்கு வருத்தமில்ல, பெரியவங்க, தெரியாது. ஆனா அது சும்மா அள்றது இல்ல சார். முன்னாடி பக்கெட்டு ஓட்டறப்ப ஒரு பக்கம் பாக்கணும், தோண்டணும்னா சீட்ட அப்படியே பின்னாடி திருப்பி, வண்டியோட ரெண்டு இரும்புக் காலையும் ஊனி, வண்டிய லெவல் பண்ணிட்டுதான் கைய வெக்கணும். பைப் லைனு பக்கம் தோண்டறப்ப மண்ணுக்கு உள்ள என்ன இருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது, பக்கெட்டு பல்லு எதுலயாவது பட்டா லீவருல ஒரு சின்ன அதிர்வு வரும், கல்லா பைப்பா கேபிளான்னு அந்த அதிர்வுல தெரியணும். ஒரு தடவ மழையில வீடு இடிஞ்சு ஒரு மாடு மாட்டிக்கிச்சு, சுவத்து மண்ண பிடி பிடியா எடுத்தேன் ரெண்டு மணி நேரம், வேர்த்துக் கொட்டிருச்சு, மாடு எழுந்து நடந்துச்சு. கஷ்டமும் இருக்கு, மழக்காலத்துல வேல இல்ல, இடுப்பு வலி நெரந்தரம். அதையும் பையன்கிட்ட சொல்லுங்க, ஆனா கேவலமான வேலன்னு மட்டும் சொல்லாதீங்க சார்.

போத்தனூர்_ரயிலடி

எல்லாத்தையும் நேத்து ராத்திரி எங்கப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேனுங்க. பத்திரம் எழுதற ஐயா எழுதினதையும் தர்மபுரி தம்பி எழுதினதையும் ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னாரு. ஒண்ணும் பேசலை.

இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, எங்க ஏரியாவுல வாய்க்கால் தூர் வாரிக்கிட்டு இருந்தாங்க. காலையில பாத்தா அப்பாவே பையனைக் கூட்டிட்டுக் கெளம்பிட்டாரு, நானும் பின்னாடியே போனேன். டீ குடிக்க எறங்கின ஆபரேட்டர்கிட்ட அப்பா போய் ஏதோ கேட்டாரு. அவரு என்ஜினை ஆஃப் பண்ணிட்டு, பையனைத் தூக்கி சீட்ல உக்கார வெச்சாரு. தம்பி நீங்க சொன்ன மாதிரியே சீட்டைப் பின்பக்கம் திருப்பிக் காட்டினாரு, பையன் திரும்பிப் போகும்போது சத்தமே வரலை, வாயைத் தொறந்து வெச்சிருந்தான். கால் கீழ எட்டலை. எறங்கும்போது அப்பா கையைப் புடிச்சுக்கிட்டு, தாத்தா இதுக்கு ரெண்டு மூஞ்சின்னான். அப்பா ஆமாஞ்சாமின்னாரு.

பேப்பரைத் தேடி எடுத்துட்டேன், சுருக்கத்தை நீவி வெச்சிருக்கறேன். நாளைக்கு டீச்சர்கிட்ட நானே கொண்டு போய்க் குடுக்கறேன்.

ரன்னிங் ரூம் தம்பி, அந்த நோட்டுல இருந்து ஒரு படம் இங்க போடுங்க. கலர் எனக்கு முழுசா தெரியாது, அந்த வானம் என்ன கலருன்னு பையனைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கறேன்.