கல்லறைக் கல்லில் பாதி எழுத்து: கொள்ளுத்தாத்தாவின் ராணுவப் பதிவு எங்கே கிடைக்கும்?

கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பியவர். வீட்டில் ஒரு காகிதம்கூட இல்லை. இருப்பது கல்லறைக் கல் மட்டும்தான்.

கல்லில் தெரிவது: பெயரின் தொடக்கம் ‘ஞான’, அதற்கு மேல் பொரிந்து போயிருக்கிறது. நான்கு இலக்க எண், மூன்றாவது இலக்கம் 3 அல்லது 8. அதன் கீழே ஆங்கிலத்தில் ‘சாப்பர், 2வது கியூ.வி.ஓ. எஸ். அண்ட் எம்.’ இறந்த ஆண்டு 1920. அந்த ஆங்கிலச் சுருக்கம் ‘2வது குயின் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்’, அதாவது ராணுவப் பொறியாளர் படையான இன்றைய மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் பழைய பெயர். சாப்பர் என்பது அதில் சாதாரணச் சிப்பாய். அதுவரை சரி.

சாயங்காலம் டார்ச்சைக் கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் படம் எடுத்தேன். எண் தெரிந்ததே அப்படித்தான். சுண்ணாம்பு தேய்க்கச் சொன்னார்கள், கல் பாழாகிவிடும் என்று செய்யவில்லை. போரில் இறந்தவர்களின் பட்டியல் உள்ள காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் ‘ஞான’வை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையும் போட்டுப் பார்த்தேன். 31 ஆகஸ்ட் 1921 வரையிலான மரணங்கள் அதில் உண்டு, ஆனால் பணியிலிருந்து விலகி வீட்டில் இறந்தவர் என்றால் பெரும்பாலும் வரமாட்டார்.

பதக்கம் இருந்திருந்தால் விளிம்பிலேயே எண், பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். எங்கள் வீட்டு வெள்ளிப் பதக்கம் எப்போதோ கொலுசாகிவிட்டது!

பாதிப் பெயரும் இந்த எண்ணும் மட்டும் வைத்து, அந்தக் காலத்து இந்தியச் சிப்பாயின் சேர்க்கை அல்லது ஓய்வூதியப் பதிவைத் தேட யாருக்கு எழுத வேண்டும்?