அக்னி தீர்த்தத்துச் செம்பு நிற அஞ்சு ரூபாய்: எரர் காயினா, உப்பு தின்றதா?

பாம்பன் தம்பி:
ராமேஸ்வரத்தில் கடலில் இறங்கிக் காசு எடுக்கிற பையனிடம் வாங்கினேன். 2010ஆம் வருஷத்து அஞ்சு ரூபாய். மஞ்சளாக இருக்கவேண்டியது செம்பு நிறம், ஓரமெல்லாம் மெல்லிசு. நகைக்கடைத் தராசில் 5.1 கிராம், இருக்கவேண்டியது 6. மிண்டில் (நாணயச் சாலையில்) வேறு உலோக வில்லையில், அதாவது அச்சு விழாத வெற்று வட்டத்தில், தவறி அடித்துவிட்டார்கள், இது எரர் காயின் (பிழைக் காசு) என்கிறேன். யூடியூபில் இதுமாதிரிக்கு லட்சம் சொல்கிறார்கள். விற்க ஐயாயிரம் விலை போட்டால் அதிகமா?

கீழக்கரை காக்கா:
போடலாம் தம்பி, வாங்க ஆள் வரணுமே. அது நிக்கல் பித்தளைக் காசு. உப்புத் தண்ணியில் கிடந்தால் துத்தநாகம் அரித்துப் போய் செம்பு மட்டும் மேலே நிற்கும். சிவப்பு அதனால்தான், எடை குறைந்ததும் அதனால்தான். லென்ஸ் வைத்துப் பார், சொரசொரப்பாகக் குழிகுழியாக இருக்கும். வேறு வில்லையில் அச்சு விழுந்திருந்தால் நிறம் மாறினாலும் எழுத்து கூர்மையாக நிற்குமே.

தேவிபட்டினம் வியாபாரி:
காக்கா, தராசையே பிடித்துத் தொங்காதீங்க. காலர் (அடிக்கும்போது காசைச் சுற்றிப் பிடிக்கிற வளையம்) இல்லாமல் அடித்த காசு அகலமாகப் பரந்திருக்கும், எடை குறையாது. அச்சு திரும்பிய காசுக்கும் எடை அதேதான். என்னிடம் ஒரு ரெண்டு ரூபாய் இருக்கிறது. சிங்கம் நேராக நிற்க மேலும் கீழும் விரலால் பிடித்துச் சுழற்றினால் பின்பக்கமும் நேராக வரணும். இதில் 90 டிகிரி சாய்ந்து படுத்திருக்கு. இதுக்கு விலை இல்லையா?

கீழக்கரை காக்கா:
இருக்கு, யார் இல்லையென்றது? நான் கேட்கிறது, மிண்டுக்குள் நடந்ததா, வெளியே வந்தபின் நடந்ததா என்று. ஓரத்தில் பிறை மாதிரி வெட்டு விழுந்த காசு வந்தால் எதிர்ப்பக்க விளிம்பைப் பாருங்க. அச்சு விழும் முன்பே வெட்டுப்பட்ட வில்லையானால் அங்கே விளிம்பு மங்கி இருக்கும். அரம் வைத்து வெட்டியவன் அதை மறந்துவிடுவான். முன்பக்க உருவமே பின்னாலும் குழிந்து, இடவலம் மாறித் தெரிந்தால் புரோக்கேஜ் (முந்தி அடித்த காசு அச்சில் ஒட்டிக்கொண்டு அடுத்த காசில் பதிகிற பிழை) என்று துள்ளவேண்டாம். இரண்டு காசை வைஸில் (பட்டறை இடுக்கியில்) வைத்து நெருக்கினாலும் அப்படி வரும். அதில் அசல் அச்சும் நசுங்கிக் கிடக்கும்.

தேவிபட்டினம் வியாபாரி:
சரி. ஆனால் விலையை நீங்களா முடிவு செய்வீங்க? ஒருத்தன் ஆசைப்பட்டு ஆயிரம் கொடுத்தால் அதுதான் விலை.

கீழக்கரை காக்கா:
ஒருத்தன் ஏமாந்தது விலையாகிடுமா? அச்சில் விரிசல் விட்டு மயிரிழைக் கோடு விழுந்த காசெல்லாம் சில்லறை மூட்டைக்குள் ஏராளம், முகமதிப்புக்கு மேல் ஆசைப்படாதீங்க. அச்சு பத்து, பதினைந்து டிகிரி சாய்ந்ததும் அப்படித்தான். பாதி உருவம் வெளியே தள்ளிப்போய், வருஷமும் தெரிகிற காசுக்குத்தான் ஏலத்தில் போட்டி. விளம்பரத்தில் கேட்ட விலையை விடுங்க, ஏலத்தில் எவ்வளவுக்கு முடிந்தது என்று பாருங்க. தம்பி, இன்னொன்று: விற்றுத்தருகிறேன், ரிசர்வ் வங்கிக்குக் கட்டணம் கட்டு என்று எவனாவது கேட்டால் போனை வை. 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்த மோசடி அது.

பாம்பன் தம்பி:
லென்ஸில் பார்த்தேன், குழி இருக்கத்தான் செய்யுது. ஆனால் அசோகச் சிங்கம் இருக்கிற பக்கம் வழவழப்பாக இருக்கே, அது எப்படி?

கீழக்கரை காக்கா:
மணலில் எந்தப் பக்கம் புதைந்து கிடந்ததோ! ரெண்டு பக்கமும் போட்டோ போடு, வெயிலில் வைத்து எடு, ஃபிளாஷ் வேண்டாம்.

தேவிபட்டினம் வியாபாரி:
போட்டோ போடுகிறவரை அந்தக் காசுக்கு நூறு ரூபாய் நான் தருகிறேன். காக்கா சிரிக்கட்டும்.