புதுப்பிப்பு: கடலில் இறங்கினேன், கரையும் ஏறிவிட்டேன்

மூன்று மாதம் முன்னால் இங்கே புலம்பியிருந்தேன்: நீச்சல் குளத்தைத் தாண்டியதில்லை, கடலில் 750 மீட்டர் முடியுமா, தவளை நீச்சல் அடித்தால் வெளியே அனுப்பிவிடுவார்களா என்று. போன ஞாயிறு சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்தில் முடித்தாச்சு. ஸ்பிரிண்ட் டிரையத்லான்தான்: 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். எனக்கு 1 மணி 52 நிமிடம்.

தவளை நீச்சல் தாராளமாக அடிக்கலாம். முதல் மிதவைக்கு முன்பே யாருடைய காலோ என் நீச்சல் கண்ணாடியைத் தட்டிவிட்டது. ஒரு மடக்கு உப்புத்தண்ணீர் உள்ளே போனதும் பயந்துபோய்ப் பாதுகாப்புப் படகைப் பிடித்துக்கொண்டேன். அப்படிப் பிடித்து மூச்சு வாங்கலாம், படகோடு முன்னால் நகரத்தான் கூடாது. இதை அப்போதே சொன்ன அண்ணன் நல்லா இருக்கணும்.

சொதப்பியது சைக்கிள் எடுக்கும் இடத்தில். ஹெல்மெட் பட்டையை மாட்டாமல் வண்டியில் கை வைத்துவிட்டேன். நடுவர் நிறுத்தி, திரும்ப வைக்கச் சொல்லி, மாட்டிய பிறகுதான் விட்டார். நடுங்குகிற ஈர விரலில் அந்தக் கொக்கி சிக்குவேனா என்றது.

ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) சைக்கிளில் திரும்பும்போது எதிர்காற்று, வேறென்ன. ஓட்டத்தில் முதல் கிலோமீட்டர் கால் என்னுடையதாகவே இல்லை. தொடை இன்னும் பெடல் மிதித்துக்கொண்டிருந்தது. சைக்கிளை விட்டு இறங்கிய கையோடு ஓடிப் பழகு என்று எல்லோரும் சொன்னீர்கள். நான் இரண்டே தடவைதான் செய்தேன்.

அடுத்தது இதைப் போல இரண்டு மடங்கான ஒலிம்பிக் தூரமா என்று இப்போதே கேட்காதீர்கள். காதிலிருந்து இன்னும் மணல் வந்துகொண்டிருக்கிறது.