டொரண்டோவில் ஹோட்டல் ஜன்னலில் இருந்தே பேஸ்பால் பார்க்கலாமாம், வாப்பாவை அழைத்துப் போகலாமா?

கீழக்கரைத் தம்பி:

எல்லாருக்கும் சலாம், வணக்கம். வருகிற கோடையில் வாப்பாவையும் உம்மாவையும் அழைத்துக்கொண்டு டொரண்டோவில் இருக்கும் ராத்தா வீட்டுக்குப் போகிறேன். ராத்தா மகனுக்கு அந்த ஊர் பேஸ்பால் அணியான புளூ ஜேஸ் என்றால் உயிர். அவனோடு வீடியோ காலில் பேசிப் பேசியே வாப்பாவுக்கும் பேஸ்பால் பிடித்துப்போய்விட்டது. அங்கே இரவு 7.07க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு விடியற்காலை 4.37. எப்படியும் சுப்ஹு தொழுகைக்கு எழுகிறவர்தானே, கொஞ்சம் முன்னாலேயே எழுந்து போனில் ஸ்கோர் பார்த்துவிட்டுத்தான் பள்ளிவாசலுக்குக் கிளம்புகிறார். 2025 உலகத் தொடரில், அதுதான் பேஸ்பால் சாம்பியனை முடிவு செய்யும் தொடர், ஏழாவது ஆட்டம் வழக்கமான ஒன்பதைத் தாண்டிப் பதினோராவது இன்னிங்ஸ் வரை போய் புளூ ஜேஸை டாட்ஜர்ஸ் அணி 5-4 என்று ஜெயித்தபோது இங்கே எங்கள் வீட்டில் காலைப் பசியாற யாரும் உட்காரவில்லை.

இப்போது விஷயம் அவருடைய முட்டிதான். படி ஏற முடியாது, ஒரே நாற்காலியில் ரொம்ப நேரம் உட்காரவும் முடியாது. அந்த ஸ்டேடியத்துக்குள்ளேயே ஒரு ஹோட்டல் இருக்கிறது, அறையில் இருந்தபடியே மைதானத்தைப் பார்க்கலாம் என்று ராத்தா சொல்கிறார். ஆட்ட நாளில் வாடகை நல்லாவே ஏறுகிறது. அவ்வளவு கொடுத்து எடுத்தால் வாப்பாவுக்கு ஆட்டம் ஒழுங்காகத் தெரியுமா, இல்லை டிவியில் பார்ப்பதே மேலா? தங்கிப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

தொண்டி டு ஸ்கார்பரோ:

தம்பி, நான் குடும்பத்தோடு தங்கியிருக்கிறேன். அந்த ஸ்டேடியம்தான் ரோஜர்ஸ் சென்டர், 1989இல் திறந்தபோது அதன் பெயர் ஸ்கைடோம், அன்றிலிருந்தே ஹோட்டலும் அதோடு சேர்ந்துதான் இருக்கிறது. இப்போது மாரியட் நடத்துகிறது. நன்றாகக் கவனியுங்கள், எல்லா அறையிலும் மைதானம் தெரியாது. சுமார் 70 அறைகள்தான் உள்பக்கம் பார்த்தவை, மற்றதெல்லாம் ஊரைப் பார்த்தவை. புக் செய்யும்போது மைதானம் பார்த்த அறை என்று எழுத்தில் வருகிறதா பாருங்கள், வராவிட்டால் போன் போட்டுக் கேளுங்கள். அதற்கும் முன்னால் ஆட்ட அட்டவணையைப் பாருங்கள். ஒரு சீசனில் 162 ஆட்டம், அதில் பாதிதான் சொந்த ஊரில். அணி வெளியூர் போனால் ஒரு வாரத்துக்கு மேலேயும் மைதானம் காலியாகக் கிடக்கும், நீங்கள் பச்சைத் தரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான்.

பார்வை எப்படி என்றால், அறைகள் சென்டர் ஃபீல்டுக்கு, அதாவது மட்டைக்காரருக்கு நேர் எதிரே இருக்கும் மைதானக் கோடிக்குப் பின்னால் உயரத்தில் இருக்கின்றன. மட்டைக்காரர் நிற்கும் இடத்தில் இருந்து சென்டர் ஃபீல்டு சுவரே 400 அடி, நீங்கள் அதற்கும் பின்னால். ஆகவே பந்து சிறிதாகத்தான் தெரியும், பந்து எறியும் பிட்சரின் கைவிரல் எப்படிச் சுழல்கிறது என்பதெல்லாம் கண்ணுக்குப் பிடிபடாது. ஒரு நல்ல பைனாகுலர் கட்டாயம் வேண்டும். ஆனால் இதில் வாப்பாவுக்கு ஒரு வசதி இருக்கிறது. டிவியில் பேஸ்பால் காட்டும் முக்கியமான கேமரா அநேகமாக இந்தத் திசையில்தான் இருக்கும், பிட்சரின் முதுகும் மட்டைக்காரரின் முகமும் தெரிகிற மாதிரி. கிரிக்கெட்டில் பவுலருக்குப் பின்னால் வைக்கும் கேமராவும் அப்படித்தானே? அதனால் அவர் கண்ணுக்குப் பழக்கப்பட்ட திசையாகத்தான் இருக்கும். ஆட்ட எல்லையைக் காட்டும் இரண்டு ஃபவுல் கோடுகளும் உங்களை நோக்கி விரிந்து வரும், ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடித்தால் பந்து உங்கள் பக்கமாகவே எழும்பி வரும். அந்த ஒரு கணத்துக்காகவே நான் மறுபடியும் அறை எடுப்பேன்.

ஒரு குறை, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பெரிய ஸ்கோர் திரை ஹோட்டல் இருக்கும் அதே சுவரில்தான் இருக்கிறது, மட்டைக்காரர் பக்கம் பார்த்தபடி. அறையில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. மறு ஒளிபரப்பு, எண்ணிக்கை எல்லாம் வேண்டும் என்றால் அறை டிவியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மண்டபம் அக்கா:

தம்பி, வாப்பா உம்மாவோடு போகிறீர்கள் என்றால் அறைதான் சரி என்று எனக்குப் படுகிறது. ஜூன், ஜூலையில் டொரண்டோவில் சூரியன் அடைவதே இரவு ஒன்பது மணி ஆகிவிடும், அப்போது மஃரிப் நேரம் ஆட்டத்தின் நடுவில்தான் வரும். அறை என்றால் ஓர் இன்னிங்ஸ் முடியும் இடைவெளியில் நிம்மதியாகத் தொழுதுவிட்டு வந்து உட்காரலாம், கால் வலித்தால் கட்டிலில் நீட்டிக்கொள்ளலாம், பாத்ரூமுக்கு அலைய வேண்டாம், உங்கள் ராத்தா செய்து தரும் சாப்பாட்டை எடுத்துப் போய் வைத்துக்கொள்ளலாம். என் மாமனாரை அமெரிக்காவில் ஒரு ஆட்டத்துக்கு அழைத்துப் போனோம், கூட்டம் நிற்கும்போதெல்லாம் அவரும் எழுந்து நின்று பார்க்க வேண்டியிருந்தது. வயதானவர்களுக்கு அது பெரிய சிரமம்.

இன்னொன்று. அறையில் விளக்கு எரிந்தால் மைதானத்தில் இருப்பவர்களுக்கு உள்ளே தெரியும். உம்மா உடை மாற்றும்போதும் தொழும்போதும் திரைச்சீலையை இழுத்துவிடச் சொல்லுங்கள். ஆட்டம் பார்க்கும்போது விளக்கை அணைத்துவிட்டால் வெளியேயும் தெளிவாகத் தெரியும்.

பாம்பன் காற்று:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக எடுக்காதீர்கள். நம்ம பாம்பன் ரோடு பாலத்தில் நின்று கீழே தூக்குப் பாலத்தைக் கப்பல் கடப்பதைப் பார்த்திருக்கிறீர்கள்தானே, மொத்தக் காட்சியும் அழகாகத் தெரியும், ஆனால் படகில் இருப்பவன் உணர்கிற இரைச்சலும் ஆட்டமும் மேலே நிற்பவனுக்கு வராது. ஜன்னல் அறையும் அப்படித்தான். பந்து மட்டையில் படும் அந்தச் சத்தம், ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் எழுப்பும் கூச்சல், இதெல்லாம் இல்லாமல் பேஸ்பால் பார்த்தேன் என்று சொல்வதில் எனக்கு மனசு ஒப்பவில்லை. அதுவும் இத்தனை காலம் விடியற்காலையில் எழுந்து ஸ்கோர் பார்த்த மனிதர். அவர் ஒரு தடவையாவது அந்தக் கூட்டத்துக்குள் உட்கார வேண்டாமா?

மேல் அடுக்கில் 500ஆம் எண் வரிசைகள் செங்குத்தாக இருக்கும், அங்கே போகவே வேண்டாம். 100ஆம் எண் அடுக்கில் பின்வரிசை எடுத்தால் நடைபாதையில் இருந்து சில படிகள்தான். சக்கர நாற்காலிக்கான இடங்களும் உண்டு. அறை வாடகையோடு ஒப்பிட்டால் செலவும் குறைவு.

கீழக்கரைத் தம்பி:

பாம்பன் அண்ணே, நீங்கள் சொன்னதை வாப்பாவிடம் வாசித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு இரண்டும் முடியாதா என்று கேட்டார். தொடர் என்றால் ஒரே அணியோடு பெரும்பாலும் மூன்று நாள் தொடர்ந்து ஆடுகிறார்களாமே, ஒரு நாள் அறை, மறுநாள் சீட் என்று வைத்துக்கொள்ளலாமா? அப்புறம் உம்மாவுக்கு இந்த ஆட்டம் ஒன்றும் தெரியாது, கிரிக்கெட் மட்டும் கொஞ்சம் புரியும். எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

தொண்டி டு ஸ்கார்பரோ:

தாராளமாக வைத்துக்கொள்ளலாம், முதலில் அறை, பிறகு சீட். அறையில் உட்கார்ந்து யார் எங்கே நிற்கிறார்கள் என்று மேலிருந்து பார்த்துப் புரிந்துகொண்டால் மறுநாள் கீழே உட்காரும்போது உம்மாவும் ரசிப்பார். முடிந்தால் ஆட்டத்துக்கு முந்தின பயிற்சி நேரத்திலேயே அறைக்குப் போய்விடுங்கள், மட்டைக்காரர்கள் வரிசையாக வந்து அடித்துப் பழகுவார்கள். கூரை மூடியிருந்து திறக்கிற நாளாக இருந்தால் அதையும் விடாதீர்கள், சுமார் 20 நிமிடம் எடுக்கும், அசையும் தகடுகள் நகர்ந்து உங்கள் பக்கத்துக் கூரை மேலேதான் வந்து அடுக்கும்.

உம்மாவுக்கு இப்படிச் சொல்லுங்கள். ஓவர் என்ற கணக்கு கிடையாது, மூன்று பேர் அவுட் ஆனால் அந்த அணியின் முறை முடிந்தது, இப்படி இரண்டு அணிக்கும் ஒன்பது முறை. பிட்சர் எறிகிற இடத்துக்கும் மட்டைக்காரருக்கும் 60 அடி 6 அங்குலம், நம்ம கிரிக்கெட் பிட்சை விடக் கொஞ்சம் குறைவு, பந்து தரையில் படாமல் நேராக வரும். கிரிக்கெட்டில் அடித்துவிட்டு ஓடாமலும் நிற்கலாம், இங்கே கோட்டுக்குள் அடித்தால் ஓடியே ஆகவேண்டும். விக்கெட் கீப்பருக்குப் பின்னால் தட்டிவிடும் வித்தை இங்கே எடுபடாது, அது ஃபவுல். இந்த நாலைந்து விஷயம் தெரிந்தால் முதல் ஆட்டத்துக்குப் போதும். 2023இல் இருந்து பிட்சர் எறிவதற்கு நேரக் கட்டுப்பாடு வந்துவிட்டது, யாரும் அங்கே இங்கே நடந்து பொழுதைப் போக்க முடியாது, பெரும்பாலான ஆட்டம் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஏர்வாடி சப்போரோ:

இடையில் ஒரு தகவல், வேறு யாருக்காவது உதவும். ஜப்பானில் ஹொக்கைடோ ஃபைட்டர்ஸ் அணியின் எஸ்கான் ஃபீல்டு 2023இல் திறந்தது. அங்கேயும் மைதானத்துக்குள்ளேயே ஹோட்டல் இருக்கிறது, கூடவே வெந்நீர் ஊற்றுக் குளியலும். இந்தப் பக்கம் வருகிற நம்ம ஊர்க்காரர்கள் கேட்டால் வழி சொல்கிறேன்.

மண்டபம் அக்கா:

தம்பி, விமான நிலையத்தில் இருந்து யூனியன் ஸ்டேஷனுக்கு 25 நிமிட ரயில் இருக்கிறது, அங்கிருந்து ஸ்டேடியம் வரை கூரை போட்ட நடைபாதை. வாப்பாவுக்கு அந்த நடை அதிகம் என்றால் ராத்தா வீட்டில் இருந்து நேராகக் காரிலேயே ஹோட்டல் வாசலில் இறக்கிவிடச் சொல்லுங்கள், ஆட்ட நாளில் மாலை ஆனால் அந்த ரோடு அடைத்துக்கொள்ளும், மதியமே போய்விடுங்கள்.