சத்திரத்து டிரஸ்ட்: கணக்கு கேட்க எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

கேள்வி: காவிரிக்கரை

எங்கள் கொள்ளுத்தாத்தா கும்பகோணத்தில் சத்திரம் கட்டி, திருவிடைமருதூர் பக்கம் ஆறு ஏக்கர் நஞ்சையை அதற்கு எழுதி வைத்தார். மாசி மகத்துக்கு வருபவர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் தர வேண்டும் என்பது பத்திரத்தில் உள்ள வாசகம். இப்போது டிரஸ்டி பெரியப்பா மகன், சென்னையில் இருக்கிறார். குத்தகை வருகிறது, சாப்பாடு நின்றுபோய்ப் பல வருடம். போன மகத்தன்று வெளியூர்க் குடும்பம் ஒன்று திண்ணையில் புளியோதரைப் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது, கதவில் பூட்டு. கணக்கு கேட்டால் "உனக்கென்ன பாத்தியதை?" என்கிறார். சென்னையில் வழக்குப் போட வேண்டுமா, உள்ளூர் முன்சீப் கோர்ட்டே போதுமா? அறநிலையத் துறைக்குப் போ என்றும் சொல்கிறார்கள்.

பதில்: பழைய குமாஸ்தா

தம்பி, வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாகவே காலம் கழித்தவன் நான். டிரஸ்டி எங்கே குடியிருக்கிறார் என்பதை விடுங்கள். சொத்து முழுவதுமோ ஒரு பகுதியோ எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ, அந்த மாவட்ட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. உங்களுக்குத் தஞ்சாவூர். இது சிவில் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவு. பொது தர்மத்துக்கான டிரஸ்டில் டிரஸ்டியை நீக்க, கணக்கு கேட்க, ஸ்கீம் (நிர்வாகத் திட்டம்) வகுக்க இதுதான் வழி. முன்சீப் கோர்ட்டில் போட்டால் எதிர்த்தரப்பு முதல் வாய்தாவிலேயே அதிகாரம் இல்லை என்று கிளப்பிவிடும்.

டிரஸ்டில் அக்கறை உள்ள இரண்டு பேராவது சேர்ந்து, முதலில் கோர்ட்டில் அனுமதி வாங்க வேண்டும். முன்பு அட்வகேட் ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) சம்மதம் வேண்டியிருந்தது, 1976 திருத்தத்துக்குப் பிறகு கோர்ட் அனுமதி. அதைத் தரும் முன் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கொடுப்பதே முறை என்று 1990-ல் நாராயண செட்டியார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, அண்ணனுக்குத் தெரியாமல் முடிகிற காரியம் இல்லை.

அப்புறம், 'அடுத்த டிரஸ்டி நான்தான்' என்று உங்கள் சொந்த உரிமையையும் இதில் கலக்காதீர்கள். அது சாதாரண சிவில் வழக்கு. ஊருக்காகக் கேட்கிறீர்களா, உங்களுக்காகவா என்பதைத்தான் கோர்ட் பார்க்கும்.

பதில்: சட்ட மாணவி

1882 டிரஸ்ட் சட்டம் 34-ஆம் பிரிவில் ஒரு மனு போட்டால் சீக்கிரம் முடியாதா ஐயா?

பதில்: பழைய குமாஸ்தா

முடியாதம்மா. அது தனியார் டிரஸ்டுக்கு. பொது தர்மத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று முதல் பிரிவிலேயே இருக்கிறது.

அறநிலையத் துறை விஷயம்தான் கவனிக்க வேண்டியது. பத்திரத்தில் கோயில் விளக்குக்கு எண்ணெய், சுவாமிக்கு நைவேத்தியம் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த அளவுக்கு அது கட்டளை, அதாவது கோயில் காரியத்துக்கென்று எழுதி வைத்த தர்மம். 1959 அறநிலையச் சட்டம் 63-ஆம் பிரிவில் இணை ஆணையர்தான் முதலில் விசாரிப்பார். சமய அறக்கட்டளைகளுக்கு 92 செல்லாது என்று அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. வெறும் சத்திரமும் சாப்பாடும் என்றால், அரசு தனியாக அறிவிக்கை போட்டிருந்தாலொழிய அந்தச் சட்டம் வராது.

பதில்: காவிரிக்கரை

பத்திரத்தை மறுபடி படித்தேன் ஐயா, கோயில் பேச்சே இல்லை. இரண்டாவது ஆளாக என் மனைவி கையெழுத்துப் போடலாமா?

பதில்: பழைய குமாஸ்தா

போடலாம், ஆனால் குடும்பச் சண்டை என்று சாயம் பூசிவிடுவார்கள். அந்தத் தெருவில் முன்பு பந்தி பரிமாறியவர் யாராவது இருப்பார், அவரைக் கேளுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்துக்குச் சான்றிட்ட நகலும், நஞ்சைக்குச் சிட்டாவும் வாங்கிக்கொண்டு வக்கீலிடம் போங்கள்.