புதுப்பிப்பு: அந்த 300 கிராம் டெனிஸ் றக்கெட், ஆறு கிழமைக்குப் பிறகு

அடித்து ஆடுகிறவனுக்கு இந்த மட்டை சரிவருமா என்று முன்பு உங்களிடம் கேட்டிருந்தேன் அல்லவா? 100 சதுர அங்குலத் தலை, நெடுக்கே 16, குறுக்கே 19 நரம்பு. மட்டக்களப்பின் வறண்ட கச்சான் காற்றில் ஆறு கிழமை ஆடிப் பார்த்தாயிற்று.

சேர்வும் ஃபோர்ஹாண்டும் அருமை. மேற்சுழல் (டொப்ஸ்பின்) கொடுத்தால் பந்து கோட்டுக்குள் இறங்கி, எதிராளியின் தோளுக்கு எழும்புகிறது. வலையருகேதான் சிக்கல்: வேகமான பந்தை நிலத்தில் படுமுன் வொலி அடித்தால் மட்டை கையில் திரும்பியது. நீங்கள் சொன்னபடி தலையின் இரு பக்கமும் இரண்டிரண்டு கிராம் ஈயப் பட்டி ஒட்டினேன், அடங்கிவிட்டது. நரம்பின் இழுவையை 50 இறாத்தலிலிருந்து 53 ஆக்கியதும் நீண்டுபோன அடிகள் குறைந்தன. முழங்கைதான் கொஞ்சம் முனகுகிறது (பொலியெஸ்டர் நரம்பின் விறைப்பு, வேறென்ன). அடுத்த முறை குறுக்கு நரம்பு மட்டும் மென்மையானதாகப் போடுவேன்.

விலைக்குக் கேட்டுவைத்த தம்பி, மன்னிக்கவும். விற்கவில்லை.